சமூக வரலாறு படிக்கலாமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இருபத்தைந்து வருஷமாக வரலாறு சொல்லித்தருகிறேன். கல்லூரிச் சேர்க்கை நாளில் பெற்றோர் கேட்பதும், முதுகலை மாணவர்கள் வராந்தாவில் நின்று கேட்பதும், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

சமூக வரலாறுன்னா என்ன டீச்சர்? ராஜா கதையெல்லாம் வராதா?

ராஜாவும் வருவார். ஆனால் அவர் ஜெயித்த சண்டையோடு பேச்சு நின்றுவிடாது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்தது. பாடப்புத்தகம் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகும். சமூக வரலாற்றுக்காரர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். படைக்கு நெல் எந்த வயலிலிருந்து வந்தது, மூட்டையைச் சுமந்தது யார், சுமந்தவருக்குக் கூலி கிடைத்ததா, அல்லது ஊழியமா என்று கேட்பார். ஊழியம் என்பது கூலி இல்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டிலும் அது இருந்தது.

சாப்பாடு, துணி, கல்யாணம், கடன், சொத்து, நோய், வழிபாடு என்று சாதாரண மனிதர்கள் வாழ்ந்த விதத்தையும், அது எதனால் மாறியது என்பதையும் ஆதாரத்தோடு சொல்வதுதான் இந்தத் துறை.

இத்தனூண்டு மாவட்டம். இதில் ஆயுசு முழுக்க ஆராய என்ன இருக்கு?

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன் பல தலைமுறைகள் திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்தவை. தமிழ் பேசிய மக்கள், மலையாளத்தில் எழுதப்பட்ட கோப்பு, இங்கிலீஷில் கடிதம் போட்ட ரெசிடெண்ட் (சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி) என்று மூன்றும் ஒரே ஊர் விஷயத்தில் சந்திக்கும். கிழக்கே நாஞ்சில் நாட்டு நெல்வயல், மேற்கே தென்னையும் மரச்சீனியும் ரப்பரும், தெற்கே கடற்கரைக் கிராமங்கள், வடக்கே காணிக்காரர் வாழும் மலை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வாழ்க்கைமுறையே வேறாகிவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பிரிவினருக்குச் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போனது. மருமக்கள்வழி என்பார்கள். அதே தெருவில் மக்கள்வழிக் குடும்பங்களும் இருந்தன. அந்த முறை வீட்டுக்குள் உண்டாக்கிய கண்ணீரைத்தான் தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து முறை மாறத் தொடங்கியது. சட்டம் வந்த மறுநாள் வீட்டில் என்ன நடந்தது, பாகம் பிரித்தபோது வயல் எத்தனை துண்டானது, குடும்பத் தலைவரான காரணவர் கையிலிருந்த சாவி யார் கைக்குப் போனது? இது ஒன்றே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும்.

ஆளூர்க்காரர் ஒருத்தர் சென்னையில் பெரிய வரலாற்றுப் பேராசிரியரா இருந்தாராமே, யாரு?

கே.கே. பிள்ளை. 1905இல் ஆளூரில் பிறந்தவர். பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாற்றுத் துறைக்கு 1954 முதல் தலைவராக இருந்தார். ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். சென்னை மாகாணத்து உள்ளாட்சி அமைப்புகள் 1850 முதல் 1919 வரை வளர்ந்த கதைதான் அங்கே அவர் எடுத்த பொருள். 1981இல் காலமானார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் அவரைச் சொல்வது ஆக்ஸ்போர்டுக்காக இல்லை, சுசீந்திரத்துக்காக. தாணுமாலயன் கோயிலைப் பற்றி அவர் எழுதிய பெரிய ஆய்வுநூல் 1953இல் வந்தது. கோயில் என்றால் பலரும் கோபுர உயரத்தையும் சிற்ப அழகையும் எழுதுவார்கள். அவர் கோயிலை ஒரு ஊரின் கணக்குப் புத்தகமாகப் படித்தார். நிலம் யார் கொடுத்தது, நிர்வாகம் எந்தச் சபையின் கையில் இருந்தது, அந்தச் சபைக்கும் அரசனுக்கும் ஏன் தகராறு, திருவிழாச் செலவு எதிலிருந்து வந்தது என்று கல்வெட்டையும் ஓலையையும் வைத்து வரிசையாகச் சொன்னார். 1811 முதல் 1814 வரை ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே திவானாகவும், அதாவது சமஸ்தானத்தின் தலைமை அமைச்சராகவும், இருந்தார். அப்போது அரசு பெரிய கோயில்களின் நிலத்தையும் நிர்வாகத்தையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு கோயில் எப்படி இயங்கியது என்று புரிந்துகொள்ள அந்த நூலைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

பிற்காலத்தில் அவர் தமிழர் சமூக வரலாற்றை இங்கிலீஷிலும், 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' என்ற நூலைத் தமிழிலும் எழுதினார். அந்தத் தலைப்பிலேயே 'மக்கள்' முன்னால் நிற்பதைப் பாருங்கள். வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் இருந்த கோயிலில் வேலையைத் தொடங்கித் தமிழகம் முழுவதற்கும் போனவர் அவர். தலைப்பு தேடி டெல்லிக்குப் போக நினைக்கும் மாணவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

பி.ஏ. வரலாறு எடுத்தா வேலை கிடைக்குமா? பிள்ளை கஷ்டப்படக் கூடாது பாருங்க.

கேட்க வேண்டிய கேள்விதான். கல்லூரி ஆசிரியர் ஆவதற்கு வழி இது: பி.ஏ., பிறகு எம்.ஏ.வில் 55 விழுக்காடு, அதன்பின் நெட் அல்லது செட் தேர்வு. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. எம்.பில். படிப்பை யுஜிசி 2022 விதிகளில் நிறுத்திவிட்டது. எம்.ஏ. முடித்து நேராகப் பிஎச்டி போகலாம். குறைந்தது மூன்று வருஷம், சாதாரணமாக ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருஷம் கழித்து 42,000. நம் மாவட்டக் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.

ஆனால் மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய் என்பது காதுக்கு இனிக்கும். அந்த இடங்கள் குறைவு, அறிவிப்பும் வருஷா வருஷம் வராது. பட்டம் வாங்கிய பிறகு தொகுப்பூதியத்தில் பல வருஷம் ஓட்டுகிற நல்ல ஆய்வாளர்கள் என் மாணவர்களிலேயே உண்டு. அதனால் பிள்ளைக்கு இதில் உண்மையான பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே குரூப் தேர்வுக்கும் படிக்கச் சொல்லுங்கள். வரலாறு அங்கேயும் கைகொடுக்கும்.

பொருளாதாரம் படிச்சவங்க இதுக்குள்ள வரலாமா?

தாராளமாக. எம்.எஸ்.எஸ். பாண்டியன் பொருளாதாரத்திலிருந்து வந்தவர்தான். 1880 முதல் 1939 வரை நாஞ்சில் நாட்டு வேளாண்மையில் நடந்த மாற்றங்களை ஆராய்ந்த அவர் நூல் 1990இல் வந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் நெடுநாள் இருந்தார், பிறகு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார், 2014இல் மறைந்தார். நெல்விலையும் குத்தகையும் தெரிந்தவருக்குச் சாதியும் அரசியலும் வேறு தெளிவோடு தெரியும்.

பழைய ஆவணமெல்லாம் எங்கே இருக்கு? கலெக்டர் ஆபீஸிலா?

பெரும்பகுதி திருவனந்தபுரத்தில். 1956க்கு முந்தைய நம் வரலாற்றுக்குக் கேரள மாநில ஆவணக்காப்பகம்தான் முதல் இடம். அங்கே காகிதக் கோப்புகளோடு மதிலகம் ஓலைகளும் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலோடும் அரச நிர்வாகத்தோடும் தொடர்புள்ள அந்த ஓலைகளின் எண்ணிக்கையை லட்சக்கணக்கில்தான் சொல்ல வேண்டும். கோட்டைப் பகுதியிலேயே ஓலைச்சுவடிக்கென ஒரு அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். வகுப்போடு போய்வரலாம்.

கல்வெட்டுக்குத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளும், தமிழ்நாடு தொல்லியல் துறையின் கன்னியாகுமரி மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளும் அச்சில் இருக்கின்றன. பழைய தேவாலயப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு மூன்றும் கடற்கரை மக்களின் வரலாற்றுக்குத் தங்கச் சுரங்கம். லண்டன் மிஷன் பாதிரிமார் இங்கிருந்து அனுப்பிய கடிதங்கள் இப்போது லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. 1806இல் மயிலாடிக்கு ரிங்கல்தௌபே வந்த நாள் முதல் நம் ஊர்ச் செய்தி அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. சமாளிக்க முடியுமா?

முடியாது, படித்துவிடுங்கள். மூன்று மாதம் தினம் அரை மணி நேரம் போதும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காதில் ஏற்கெனவே இருக்கும் மொழி, கண்ணுக்குப் பழக வேண்டும், அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டுக்கு முன்னே போக ஆசைப்பட்டால் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையும் வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில் அது மற்ற தமிழ்ப் பகுதிகளைவிட வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. கோலெழுத்தும் மலையாண்மையும் அதன் கிளைகள். ஒன்று கைவந்தால் மற்றது வரும்.

வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரம் கிடக்கு. அதை வச்சு என்ன செய்ய?

முதல் காரியம், வெயிலில் காயவைக்காதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். ஓலையென்றால் புல்தைலம் லேசாகத் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். காகிதமென்றால் விரித்து, மடிப்பில் அழுத்தாமல், பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். பல பேர் மறப்பது அதைத்தான்.

கல்குளம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி தகர டப்பாவில் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். ராமபாணப் பூச்சி அரித்து ஓரமெல்லாம் சல்லடை. மேலே திருவிதாங்கூரின் சங்கு முத்திரை. ஒற்றிப் பத்திரம், அதாவது பணம் வாங்கிக்கொண்டு நிலத்தின் அனுபவத்தை விட்டுக்கொடுக்கும் எழுத்து. தேதி 1079 மகரம். இது திருவிதாங்கூரில் புழங்கிய கொல்லம் ஆண்டு, ஆவணியில் பிறக்கும். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிக்கு 825ஐயும் கூட்ட வேண்டும். மகரம் நம் தை மாதம் என்பதால் 1904 தொடக்கம். தொகை 210 பணம். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக 30 ரூபாய்.

அந்த 30 ரூபாய்க்கு என்னென்ன போயிற்று என்று அவளையே வாசிக்கச் சொன்னேன். நாலெல்லை சொல்லி, பனை 12, பலா 1, ஒரு கிணற்றில் பாதி என்று வந்தது. எழுதிக்கொடுத்தது ஒரு பெண். அவள் பெயருக்கு முன்னால் கணவர் பெயர் இல்லை, தாயின் பெயர் இருந்தது. கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல். மாணவியின் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அப்பாவுக்குப் போன் போட்டு, "நம்ம பூட்டிக்குப் பேரு கிடைச்சிருக்கு" என்று வராந்தாவில் நின்று சத்தமாகச் சொன்னாள். பெண்ணுக்குச் சொத்தில் உரிமை, மரத்தின் விலை, எழுத்தறிவு, கிணற்றைப் பங்கு போடும் வழக்கம் என்று நான்கு தலைப்பு அந்த ஒரே தாளில் இருக்கிறது.

பாட்டி சொன்னதும் வில்லுப்பாட்டும் ஆதாரமாகுமா? சும்மா கதைன்னு சொல்லிட மாட்டாங்களா?

ஆகும், ஆனால் எதற்கு ஆதாரம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் கணியாகுளத்தில் மதுரை நாயக்கர் படையோடு நடந்த போரில் இறந்த வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளையை வில்லில் பாடுகிறார்கள். படையின் எண்ணிக்கைக்கு அந்தப் பாட்டை நம்ப முடியாது. ஆனால் தோற்றுச் செத்த ஒரு வீரனை ஊர் ஏன் இத்தனை தலைமுறை அழுது பாடியது, யார் காட்டிக்கொடுத்ததாகப் பாட்டு குற்றம் சொல்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

பாட்டியிடம் வருஷம் கேட்காதீர்கள். "உங்க அம்மாவுக்கு எந்த வழியா நடந்து போகக் கூடாதுன்னு இருந்துச்சு?" என்று கேளுங்கள். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கலாம் என்பதற்காகவே 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்தினார். 1936 நவம்பர் 12, கொல்லம் 1112 துலாம் 27 அன்று ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. மேலே சொன்ன கணக்குப்படி கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். அறிவிப்பு வந்த பிறகு யார் வீட்டில் முதலில் உள்ளே போனார்கள், யார் பயந்து வெளியே நின்றார்கள் என்று அரசுக் கோப்பு சொல்லாது. அது பாட்டிக்குத்தான் தெரியும்.

தோள்சீலைப் போராட்டத்தைப் பத்தி எவ்வளவோ எழுதியாச்சே. இனி புதுசா என்ன எழுத?

இந்தக் கேள்வியை வருஷத்துக்குப் பத்துப் பேர் கேட்கிறார்கள். 1822இல் தொடங்கி 1859 வரை மூன்று கட்டமாக நடந்த அந்தப் போராட்டத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். மேல்சாதிப் பெண்களைப்போல் நாடார் பெண்கள் தோளில் சீலை போட்டதற்காகச் சந்தையில் துணி கிழிக்கப்பட்டது, வீடும் பள்ளியும் எரிக்கப்பட்டன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதால் 1859 ஜூலை 26 அன்று அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். அது முழு உரிமை கொடுக்கவில்லை. குப்பாயம் (ரவிக்கை போன்ற மேல்சட்டை) போடலாம், மீனவரான முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம், வேறு விதமாகவும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்றது. இதிலிருந்தே கேள்விகள் கிளம்பும். அளவுகோலாக ஏன் கடற்கரைப் பெண்கள் வந்தார்கள்? முரட்டுத் துணி யார் நெய்தது, என்ன விலை? குப்பாயம் தைக்க யார் கற்றுக்கொடுத்தார்கள்? அதே காலத்தில் புலையர், பறையர் பெண்கள் என்ன உடுத்தினார்கள், அவர்கள் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறது? நான் பார்த்தவரை இவற்றுக்கு யாரும் முழுசாகப் பதில் எழுதவில்லை.

பாதிரியார் கடிதம் ஒண்ணு சொல்லுது, திவான் கடிதம் வேறு சொல்லுது. எதை நம்ப?

எழுதியவர் யாருக்கு எழுதினார் என்று முதலில் பாருங்கள். பாதிரியார் தம் ஊரில் பணம் அனுப்புகிறவர்கள் மனம் இரங்க எழுதினார். திவான் மாதவராவ், அரசின்மேல் பழி வராதபடி எழுதினார். நடுவில் ரெசிடெண்ட் கல்லன் தம் வேலையைக் காத்துக்கொண்டு எழுதினார். மூன்று பேரும் தங்களை அறியாமல் ஒரே விவரத்தைச் சொல்லும் இடம் ஒன்று இருக்கும். சந்தை நாள், ஊர்ப்பெயர், எரிந்த வீட்டின் எண்ணிக்கை போல. அங்கே காலை ஊன்றுங்கள். அப்புறம் அந்தச் சந்தை ஊருக்கே ஒருமுறை போய்வாருங்கள்.

என் சாதியைப் பத்தி நானே ஆராயலாமா? ஊர்ச் சங்கத்தில் பணம் தாரோம்ங்கிறாங்க.

ஆராயலாம். உள்ளே இருப்பவருக்குத் திறக்கும் கதவு வெளியாளுக்குத் திறக்காது. பணத்தை மட்டும் வாங்காதீர்கள். வாங்கினால் முதல் அத்தியாயத்திலேயே "ஆண்ட பரம்பரை" என்று எழுதச் சொல்வார்கள். என்னிடம் படித்த ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. மூன்று வருஷ உழைப்பை அச்சிட எடுத்துக்கொண்ட ஒரு சங்கம், பிடிக்காத அத்தியாயத்தைக் கேட்காமலே எடுத்துவிட்டது. பையன் மனசு உடைந்து ஒரு வருஷம் பேனாவைத் தொடவில்லை. பிறகு திரும்பி வந்து, அந்த அத்தியாயத்தைத் தனிக் கட்டுரையாக எழுதி ஒரு வரலாற்று மாநாட்டில் வாசித்தான்.

நம்ம முன்னோர் தப்புப் பண்ணதா ஓலை சொன்னா, அதையும் எழுதணுமா?

எழுத வேண்டும். நாஞ்சில் நாட்டில் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் புகழ்பெற்றவை. கவிமணி அவற்றைத் தேடிப் படித்துப் பலருக்கும் தெரியவைத்தார். நம் பகுதிப் பழைய ஓலைகளில் நிலம் விற்றதும் உண்டு, மனிதரை விற்றதும் உண்டு. ஆளும் பெண்ணும் பிள்ளையும் இன்ன விலைக்கு என்று மாட்டுக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கும். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அறிவிப்பு 1855இல்தான் வந்தது. விற்றவர் வம்சத்தாரும் விற்கப்பட்டவர் வம்சத்தாரும் இன்று ஒரே வகுப்பறையில் என் முன்னால் உட்கார்ந்திருக்கலாம்.

அப்படி ஒரு ஓலையை முதல்முறை வாசித்துக் காட்டியபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அந்தப் பிள்ளைக்கு ஓலையில் பேரு இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். இருந்தது. கரும்பலகையில் எழுதினேன். இன்று வாழும் குடும்பத்தை அடையாளம் காட்டி அவமானப்படுத்துவது வேறு, நடந்ததை நடந்தபடி சொல்வது வேறு. முதலாவதைச் செய்யாதீர்கள். இரண்டாவதைச் செய்யாமல் விட்டால், ஓலையைத் தவிர வேறு எங்குமே பெயர் இல்லாதவர்களை நாமும் ஒருமுறை அழித்தவர்களாவோம்.

பெண்பிள்ளை, தனியா ஊர் ஊரா அலைய முடியுமா?

நான் அலைந்தேன். முதல் தடவை அந்த ஊர்த் தோழி ஒருத்தியோடு போங்கள், மதியத்துக்கு முன் போங்கள். பெண்கள் அடுக்களையில் பேசுவதை ஆண் ஆய்வாளர் எத்தனை வருஷம் போனாலும் கேட்க முடியாது.

சரி டீச்சர், நாளைக்கே தொடங்கணும்னா என்ன செய்ய?

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டிலோ தெருவிலோ உள்ள வயதான ஆளிடம் உட்காருங்கள். பெரிய கேள்வி வேண்டாம். உங்கள் வயலில் நெல்லை எதால் அளந்தீர்கள், கோட்டைக்கு எத்தனை மரக்கால், பாட்டம் (குத்தகை நெல்) அளந்தது போக வீட்டுக்கு எத்தனை கோட்டை மிஞ்சியது, அது எந்த மாதம் வரை வந்தது, தீர்ந்த பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அடுத்த வாரம் அந்த நோட்டோடு வாருங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் துறையில்தான் இருப்பேன்.